600 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய தப்பான கிளாஸ்

முதல் ஆட்டோகிராஸுக்குப் பதிவு செய்தபோது பெயர், வண்டி, நிறம் எல்லாவற்றையும் கடகடவென்று நிரப்பிவிட்டு 'கிளாஸ்' (எந்த மாதிரி வண்டிகளோடு போட்டியிடுகிறோம் என்ற பிரிவு) என்ற கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். எஸ்எஸ், ஏஎஸ், பிஎஸ் என்று தொடங்கி எஸ்டிஎஸ், எஸ்டிஎக்ஸ், எஸ்எம்எஃப், கேம்-சி என்று ரயில் நிலையக் குறியீடு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. என் வண்டி ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி. கூகுளில் தட்டினால் எச் ஸ்ட்ரீட் என்று வந்தது. சரி, எச்எஸ் என்று போட்டுவிட்டு மறந்துவிட்டேன். அந்த இரண்டு எழுத்தால் ஒரு சீசனும் கொஞ்சம் பணமும் போனது.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பெரிய பார்க்கிங் லாட் அல்லது பழைய விமான ஓடுதளம் ஒன்றில் ஆரஞ்சு கோன்களை வளைத்து வளைத்து வைத்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள், கடிகாரம்தான் எதிராளி. ஒரு ஓட்டம் 45 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை. கோனைத் தட்டினால் ஒன்றுக்கு 2 நொடி தண்டம், பாதை தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் கிடையாது. வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டாது, ஆனால் வளைவுக்கு மேல் வளைவு வருவதால் உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அமெரிக்காவில் இதை முக்கியமாக நடத்துவது 1944-ல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோலோ. மற்ற சின்னச் சின்ன கிளப்புகளில் பலவும் அவர்களுடைய ரூல் புத்தகத்தையே பின்பற்றுகின்றன.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மாட்கள் இங்கே நிறைய, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோன் பொறுக்க வருபவர்கள் குறைவு. (கோன் பொறுக்குவது விளையாட்டுப் பேச்சு இல்லை. நீங்கள் ஓட்டாத நேரத்தில் மைதானத்தில் நின்று மற்றவர்கள் தட்டிவிட்ட கோனை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும், எல்லாருக்கும் இது கட்டாயம்.) அதனால்தான் இரண்டாவது போட்டியில் பின்னாலிருந்து தமிழ்க்குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர், கோயம்புத்தூர்க்காரர். ஊரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலி ஓரம் நின்று பந்தயம் பார்த்தே வளர்ந்தேன் என்றார். என் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, சக்கரத்துக்கு மேல் இருக்கும் இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, வண்டி தாழ்ந்தாப்பல இருக்குதே?"

"ஆமாண்ணே, முன்னாடி ஓனர் ஸ்ப்ரிங் மாத்தியிருக்காரு."

"அப்ப நீ எச் ஸ்ட்ரீட்டே கிடையாதே!"

அதற்கு முன் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் புதியவர்களுக்கான பிரிவில் இருந்தேன். அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அண்ணன் விடாமல் கேட்க ஆரம்பித்தார். ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றியதா, இல்லை பெட்டியோடு சேர்த்தா? பெட்டியோடு சேர்த்துத்தான். டியூன், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியது, ஏதாவது? அதை நான் பெருமையாகவே சொன்னேன், விளம்பரத்திலேயே 'ஸ்டேஜ் 1 டியூன்' என்று போட்டிருந்தார்கள், அதற்காகத்தான் அதே மாதிரி வேறொரு வண்டியை விட்டுவிட்டு 600 டாலர் கூடுதலாகக் கொடுத்து இதை வாங்கினேன் என்று. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "600 டாலர் குடுத்து வேற கிளாஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கே" என்றார்.

நடந்தது இதுதான். எஸ்சிசிஏவில் ஸ்ட்ரீட் என்ற பிரிவு கிட்டத்தட்டக் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கானது. அதில் எதை மாற்றலாம் என்று எழுதியிருக்கிறார்களோ அதை மட்டும்தான் மாற்றலாம், எழுதாதது எல்லாம் கூடாது. ஷாக் அப்சார்பரை மாற்றலாம், ஸ்ப்ரிங்கைத் தொடக்கூடாது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை முன்னால் அல்லது பின்னால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஃபில்டரை மாற்றலாம், அது உட்காரும் பெட்டி அப்படியே இருக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர் பகுதி உங்கள் இஷ்டம். பிரேக் பேடும் இஷ்டம். சக்கரத்தின் அகலம் கம்பெனி கொடுத்ததேதான், விட்டம் மட்டும் ஓர் அங்குலம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

இதற்கு மேலே ஸ்ட்ரீட் டூரிங் இருக்கிறது. அங்கே ஸ்ப்ரிங் மாற்றலாம், ஏர் இன்டேக் மாற்றலாம், கம்ப்யூட்டர் புரோகிராமைக்கூட மாற்றலாம். ஆனால் டர்போ வண்டியாக இருந்தால் அது எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பூஸ்ட் அழுத்தத்தை ஏற்றக்கூடாது. என் 'ஸ்டேஜ் 1' செய்ததே அதைத்தான். அதனால் அங்கேயும் இடமில்லை. சறுக்கிச் சறுக்கி நான் போய் விழுந்த இடம் எஸ்எம்எஃப், அதாவது முன்சக்கர இழுவை வண்டிகளுக்கான ஸ்ட்ரீட் மாடிஃபைடு. அங்கே அதே கம்பெனி எஞ்சினாக இருந்தால் தூக்கி மாற்றி வைக்கலாம். 1990-களின் சிவிக்கில் பின்னாளைய பெரிய ஹோண்டா எஞ்சினை இறக்கி, ஹூசியர் ஏ7 போன்ற, சாலைக்கு லாயக்கில்லாத, பசை மாதிரி ஒட்டும் டயரைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் ஒரு ஸ்ப்ரிங், ஒரு குழாய், ஒரு புரோகிராம், அப்புறம் ஆபீஸ் போகும் டயரோடு அவர்களுக்கு எதிரே.

இதை எண்ணில் பார்த்தபோதுதான் உறைத்தது. வெவ்வேறு கிளாஸ் வண்டிகளை ஒரே பட்டியலில் ஒப்பிடுவதற்கு ரிக் ரூத் என்பவர் வெளியிடும் பாக்ஸ் என்ற பெருக்கெண் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மிக வேகமான ஏ மாடிஃபைடு என்ற கிளாஸுக்கு 1. மற்ற கிளாஸ்களுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். எச் ஸ்ட்ரீட்டுக்கு ஏறத்தாழ 0.78, எஸ்எம்எஃப்புக்கு 0.84-ஐ ஒட்டி வரும், வருடா வருடம் கொஞ்சம் நகரும். எச் ஸ்ட்ரீட் வண்டியில் ஒருவர் 50 நொடியில் முடித்தால் அவர் கணக்கு 39. அதே 39-ஐ எஸ்எம்எஃப்பில் எட்ட வேண்டுமானால் 46.4 நொடியில் ஓட்ட வேண்டும். அந்த ஸ்ப்ரிங்கும் இன்டேக்கும் டியூனும் சேர்ந்து எனக்கு மூன்றரை நொடியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது, என் கணிப்பில், அரை நொடிகூட இருக்காது. தாழ்ந்த ஸ்ப்ரிங்கினால் வளைவின் நடுவில் மேடு வந்தால் வண்டி துள்ளியது, அதையும் கழித்தால் என்ன மிச்சம் என்று தெரியவில்லை.

இந்த ஒரு கணக்கை வண்டி வாங்குவதற்கு முன் போட்டிருந்தால் போதும். ஒரு பாகம் வண்டியை வேகமாக்குமா என்ற கேள்வி பாதிதான். அது உங்களை எந்தக் கிளாஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது, அங்கே மற்றவர்கள் எவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள் என்பது மீதி. பாதி மாற்றிய வண்டியைப் போல மோசமான பட்ஜெட் முடிவு இந்த விளையாட்டில் இல்லை. ஒன்று தொடாமல் விடுங்கள், இல்லையென்றால் அந்தக் கிளாஸின் கடைசி வரி வரை போங்கள். நடுவில் நிற்பவர்களுக்குச் செலவும் உண்டு, தோல்வியும் உண்டு.

திருப்பி மாற்றியது தனிக்கதை. ஸ்ப்ரிங் கிடைப்பது எளிது, இதே வண்டிக்காரர்கள் பழைய ஒரிஜினல் ஸ்ப்ரிங்கைக் கராஜில் போட்டு வைத்திருப்பார்கள், 60 டாலருக்குக் கொடுத்தார் ஒருவர். ஏர் ஃபில்டர் பெட்டியும் அப்படியே. டியூன்தான் தலைவலி. அதை ஏற்றிய கைக்கருவி முந்தைய ஓனரிடம். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் மெசேஜ் அனுப்பி, அவர் தபாலில் கருவியை அனுப்பி, நான் பழைய புரோகிராமை ஏற்றிவிட்டுத் திருப்பி அனுப்பி... டியூன் போட்ட செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால் அந்தக் கருவியையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்ப்ரிங் மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து முடித்தபோது மொத்தம் 300 டாலரைத் தாண்டியிருந்தது. கழற்றுவதற்கு!

எச் ஸ்ட்ரீட்டுக்கு ஒழுங்காக வந்த பிறகு அடுத்த பாடம் டயர். ஸ்ட்ரீட் பிரிவில் டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று அச்சடித்திருக்கும் எண் 200-க்குக் குறையக்கூடாது. சாதாரணமாக ஓட்டும் டயரில் அது 400, 500 என்று இருக்கும். சின்ன எண் என்றால் ரப்பர் மிருதுவானது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. 200 என்று அச்சடித்த எல்லாம் ஒன்றல்ல. யோகோஹாமா ஏ052 முதல் ஓட்டத்திலிருந்தே பிடிக்கும், தேய்வதும் அதே வேகம். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ்ஸும் அந்த வகைதான். ஹான்குக் ஆர்எஸ்4 கொஞ்சம் மெதுவு, ஆனால் உழைக்கும். நான் முதலில் வேகமானதை வாங்கி, என் ஓட்டத்தில் இருந்த தப்பையெல்லாம் டயர் மூடி மறைத்து, எட்டுப் போட்டியில் முன் டயரின் வெளி ஓரம் மொட்டையாகிப் போனது. ஃபியஸ்டா மாதிரி முன்சக்கர இழுவை வண்டிகளில் முன்பக்க கேம்பர், அதாவது சக்கரம் உள்பக்கமாகச் சாயும் கோணம், போதாது, வளைவில் எடை முழுக்க அந்த வெளி ஓரத்தில்தான் விழும். அடுத்த செட் ஆர்எஸ்4. என் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் பிரச்சினை பிரேக்கை எப்போது விடுவது என்று தெரியாத காலில்தான் இருந்தது.

டயரில் இன்னொரு விஷயம், விட்டம். என் 17 அங்குல டயர் நாலும் 800 டாலரைத் தாண்டின. அண்ணன் வைத்திருந்த மியாட்டாவுக்கு (மாஸ்டாவின் சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) 15 அங்குலம், அவர் 600 சில்லறையில் முடித்தார். வண்டி ஒரு தடவை வாங்குவது, டயர் வருடா வருடம். கிளாஸ் தேர்ந்தெடுக்கும்போது வண்டி விலையைப் பார்க்காமல் டயர் அளவைப் பாருங்கள் என்று நான் இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். கனமான வண்டி டயரை இன்னும் வேகமாகத் தின்னும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரூல் புத்தகத்தில் எங்கேயும் எழுதாத ஒன்று உண்டு: உங்கள் ஊரில் யார் வருகிறார்கள்? நான் ஒரு கட்டத்தில் சோலோ ஸ்பெக் கூப்பே கிளாஸை ஆசையோடு பார்த்தேன். முதல் தலைமுறை சயான் எஃப்ஆர்-எஸ், சுபாரு பிஆர்இசட், எல்லாருக்கும் ஒரே ஷாக், ஒரே ஸ்ப்ரிங், ஒரே டயர். செலவுக்கு உச்சவரம்பு போட்ட மாதிரி. காகிதத்தில் இதைவிட நியாயமான கிளாஸ் கிடையாது. ஆனால் நான் போகும் போட்டிகளில் அந்தக் கிளாஸில் பல நாள் ஒருவர்கூட இல்லை. தனியாக ஓடி முதல் பரிசு வாங்க வேண்டுமென்றால் வீட்டு வாசலிலேயே ஓட்டலாம். எச் ஸ்ட்ரீட்டில் ஐந்தாறு பேர் வழக்கமாக வந்தார்கள், அதில் ஒருவர் ஹோண்டா ஃபிட்டில் என்னை ஒவ்வொரு தடவையும் ஒரு நொடிக்கு மேல் அடித்தார். என்னைவிடச் சக்தி குறைந்த வண்டி. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு ஓட்டம் போய்வந்ததில் நான் கற்றது எந்தப் பாகத்தை வாங்கினாலும் கிடைத்திருக்காது. பழைய போட்டிகளின் முடிவுகளைப் பெரும்பாலான கிளப்புகள் இணையத்தில் போட்டு வைக்கும். அதில் எந்தக் கிளாஸில் ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இரண்டாவது வருடம் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "உன்ற வண்டில திங்கக்கிழமை ஆபீஸ் போகோணும், அத வெச்சு எதுக்கு ஓரம் தேச்சுட்டு இருக்கறே? எங்கூட மியாட்டால வா, டயர்ல பாதி குடுத்துரு." ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டுவதற்கு விதியில் இடமுண்டு. இங்கே இது சர்வ சாதாரணம். டயர் செலவு பாதி, பிரேக் பேட் பாதி, நுழைவுக் கட்டணம் மட்டும் அவரவருக்கு. 1999 மியாட்டா, ஈ ஸ்ட்ரீட். ஒரு தொல்லை, டயருக்கு ஆற நேரம் கிடைக்காது. அவர் இறங்கி நான் ஏறுவதற்குள் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் நிரப்பி டயர்மேல் பீய்ச்சிக்கொண்டிருப்போம். ஜூலை வெயிலில் இரண்டு பேர் காருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என் மனைவி கேட்டாள், கற்பூரம் எங்கே என்று.

அந்த மியாட்டாவை ஓட்டிப் பழகிய பிறகு எனக்கும் ஒன்று வாங்கும் ஆசை வந்தது. பக்கத்திலேயே 3,500 டாலருக்கு ஒன்று, வெளியே பளபளவென்று. அண்ணன் ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்தார். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். இந்தத் தலைமுறை மியாட்டாவில் முன்பக்கத்து ஃபிரேம் ரெயிலுக்குள் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) உப்புத் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கும், அதேபோல மடக்குக் கூரையின் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கதவடி ஓரமும் போய்விடும். அண்ணன் லேசாகத் தட்டினார், ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. விற்பவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. அண்ணன் வண்டி ஜார்ஜியாவிலிருந்து வந்தது, உப்பைப் பார்க்காத வண்டி. கூடுதலாக ஆயிரம் டாலர் ஆனாலும் தெற்கிலிருந்து வாங்குவதே மலிவு. நான் இன்னும் வாங்கவில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு, மியாட்டாவில் பங்கு போட்டு ஓட்டிய அந்த வருடம்: எட்டுப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 440, டயரில் என் பாதி 310, பிரேக் பேடில் பாதி 45, வருட உறுப்பினர் கட்டணம் 100-ஐ ஒட்டி. ஹெல்மெட் முதல் வருடமே வாங்கியது. உள்ளே ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தரச் சான்று ஸ்டிக்கரில் எஸ்ஏ, எம் போன்ற ஏற்கப்பட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள், ரொம்பப் பழைய வருடமாக இருந்தால் விடமாட்டார்கள். முதல் சில போட்டிகளுக்குக் கிளப்பிலேயே இரவல் கிடைக்கும், உடனே வாங்காதீர்கள். ஆக 900 டாலருக்குள். தப்பான கிளாஸில் இருந்த முதல் வருடம் இதைவிட இரண்டு மடங்கு ஆனது. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிடுங்கள், நேரம் வைத்து ஓட்டும் போட்டிகளைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும்.

இப்படியெல்லாம் சொல்வதால் மாற்றிய வண்டிக்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே மஸ்டாங்கையோ கமாரோவையோ ஆசைப்பட்டு மாற்றி வைத்திருந்தால் கேம் கிளாஸ்கள் அவர்களுக்காகவே இருக்கின்றன, 200 ட்ரெட்வேர் டயர் போதும், ஆட்களும் ஜாலியானவர்கள். செப்டம்பரில் நெப்ராஸ்காவின் லிங்கன் விமான நிலையக் கான்கிரீட்டில் தேசியப் போட்டி நடக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள். இரண்டு நாள், இரண்டு பாதை, பாதைக்கு மூன்றே ஓட்டம். இங்கிருந்து சுமார் 800 மைல் ஓட்டிப்போய் மொத்தம் ஆறு ஓட்டம். அங்கே ஜெயிக்க வேண்டுமென்றால் கிளாஸ் தேர்வு வேறு கணக்கு, அந்தக் கிளாஸுக்கு எந்த வண்டி உச்சம் என்று பார்த்து அதையே வாங்க வேண்டும். உள்ளூரில் ஃபிட்காரரை ஒரு தடவையாவது அடிக்க வேண்டும் என்பவர்களுக்கு அது தேவையில்லை. இந்த அக்டோபரில் நான் அவரைவிட 0.2 நொடி முன்னால் பாக்ஸ் கணக்கில் முடித்தேன், கடைசி ஓட்டத்தில் ஒரு கோன் தட்டிவிட்டதைச் சேர்க்காமல். சேர்த்தால் வழக்கம்போல.

கழற்றிய அந்த ஸ்ப்ரிங் செட் கராஜில் ஒரு வருடம் கிடந்தது. போன மாதம் விளம்பரம் போட்டேன், 100 டாலர். கல்லூரிப் பையன் ஒருவன், அவனும் ஃபியஸ்டா எஸ்டியில் வந்தான். பேச்சுவாக்கில், வசந்தத்தில் ஆட்டோகிராஸ் தொடங்கப் போவதாகச் சொன்னான். நான் விற்க வந்தவன் என்பதை மறந்து, போனில் ரூல் புத்தகத்தைத் திறந்து ஸ்ப்ரிங் பற்றிய பக்கத்தைக் காட்டி, 0.78, 0.84 எல்லாம் சொல்லி, இருபது நிமிடம் பேசினேன். மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம் 100 டாலரை நீட்டி, "வண்டி தாழ்ந்தா பார்க்க நல்லா இருக்கும்" என்று சொல்லி ஸ்ப்ரிங்கை எடுத்துக்கொண்டு போனான்.